‘நஷ்டம்’ வேண்டாம்னு பெயரை மாத்திய டாட்சன்... கடைசியில் நஷ்டம் யாருக்கு?

ராஜபாளையத்தில் என் சித்தப்பா வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர் வேலை, ஐந்து வருஷ லோன், வீட்டில் முதல் கார். ஜப்பான் கம்பெனி. ‘ஜப்பான்காரன் வண்டி, கண்ணை மூடிட்டு வாங்கலாம்’ என்று நாங்கள் எல்லோரும்தான் சொன்னோம். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. இ.எம்.ஐ மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் முன்னால் போன லோடு ஆட்டோ திடீரென பிரேக் போட்டதில் ஒரு ஹெட்லைட்டும் பம்பரும் போச்சு. மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். ‘பார்ட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கோம் சார், வந்ததும் சொல்றோம்’ என்றார்கள். ஆறு வாரம் ஓடியது. கடைசியில் ஊர் மெக்கானிக் ஒருவர் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் தேடிப் பிடித்து ஒரு ஹெட்லைட்டை மாட்டிக் கொடுத்தார். விற்றுவிடலாம் என்று புரோக்கரைக் கூப்பிட்டால் வந்த பதில்: “அண்ணாச்சி, வண்டி நல்ல வண்டிதான். ஆனா பார்ட்ஸ் கிடைக்காதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. யாரு வாங்குவா?”

சித்தப்பா வைத்திருப்பது டாட்சன் இல்லை. எந்த பிராண்டு என்பது இங்கே முக்கியமும் இல்லை. ஆனால் ‘கம்பெனி கிளம்பிட்டா நம்ம வண்டி என்னாகும்?’ என்ற கேள்வியைப் புரிந்துகொள்ள டாட்சனின் கதையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காரணம், அது ஜப்பானில் பிறந்து, உலகம் சுற்றி, ஒரு முறை செத்து, நம்ம ஒரகடத்தில் மறுபிறவி எடுத்து, அங்கேயே இரண்டாவது முறையும் முடிந்துபோன பிராண்டு.

டாட்சன்: பெயர் வந்த கதை

1911-ல் மசுஜிரோ ஹஷிமோட்டோ என்ற பொறியாளர் டோக்கியோவில் க்வாய்ஷின்ஷா என்ற சின்ன கார் கம்பெனியைத் தொடங்கினார். அவருக்குக் கைகொடுத்தவர்கள் மூன்று பேர்: டென், ஆவோயாமா, டகேஉச்சி. இந்த மூன்று பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, 1914-ல் வந்த காருக்கு ‘டாட்’ என்று பெயர் வைத்தார்கள்.

1931-ல் அதைவிடச் சின்னதாக ஒரு கார் தயாரானது. ‘டாட்’ காரின் பிள்ளை என்ற அர்த்தத்தில், மகனைக் குறிக்கும் ஆங்கில ‘சன்’னைச் சேர்த்து ‘டாட்சன்’ என்றார்கள். ஜப்பானிய உச்சரிப்பில் அது ‘டாட்சோன்’ போல ஒலித்தது. அங்கேதான் சிக்கல். ஜப்பானிய மொழியில் ‘சோன்’ என்றால் நஷ்டம்! வியாபாரத்துக்கு வைக்கிற பெயரா இது? உடனே எழுத்தை மாற்றி, சூரியனைக் குறிக்கும் ‘சன்’ ஆக்கிவிட்டார்கள். நம்ம ஊரில் நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைப்பதில்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அதற்குள் கம்பெனி யோஷிசுகே ஆயிகாவா என்ற தொழிலதிபரின் கைக்கு வந்துவிட்டது. அவர் 1933-ல் தொடங்கிய கார் நிறுவனம்தான் 1934-ல் ‘நிஸான் மோட்டார்’ என்று பெயர் மாறியது. அதாவது நிஸான் கார் கம்பெனியின் வேரே டாட்சன்தான்.

1958-ல் டாட்சன் அமெரிக்காவுக்குப் போனது. 1969-ல் வந்த 240இசட் ஸ்போர்ட்ஸ் காரை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். 1970-களில் பெட்ரோல் விலை எகிறியபோது, குறைவாகக் குடிக்கும் சின்ன ஜப்பான் கார்களுக்கு உலகம் முழுக்க கிராக்கி வந்தது. ‘ஜப்பான் கார்னா நம்பிக்கை’ என்று நம் அப்பா தலைமுறை பேசுகிறதே, அந்தப் பெயரைச் சம்பாதித்த காலம் அது.

ஆனால் 1981-ல் நிஸான் ஒரு முடிவெடுத்தது. உலகம் முழுக்க ஒரே பெயர் போதும், அது நிஸான் என்று. 1986-க்குள் டாட்சன் பெயர் மெல்ல மெல்ல காணாமல்போனது. அது முதல் சாவு.

ஒரகடத்தில் மறுபிறவி

2008-ல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டு, 2010 மார்ச்சில் சென்னை அருகே ஒரகடத்தில் ரெனோ–நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் வந்தது மைக்ரா. அடுத்து சன்னி. இரண்டும் மோசமான கார்கள் இல்லை. ஆனால் மாருதியும் ஹூண்டாயும் உட்கார்ந்திருந்த இடத்தை அசைக்க முடியவில்லை.

2012 மார்ச்சில் அப்போதைய நிஸான் தலைவர் கார்லோஸ் கோன் இந்தோனேசியாவில் வைத்து அறிவித்தார்: டாட்சன் திரும்ப வருகிறது. இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா போன்ற நாடுகளில் முதல் முறை கார் வாங்குபவர்களுக்கான பிராண்டாக. 2013 ஜூலையில் டாட்சன் கோ கார் டெல்லி அருகே குர்கானில் உலகத்துக்கு அறிமுகமானது. 2014 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை டெல்லி ஷோரூமில் 3.12 லட்சம் ரூபாய்.

அதாவது குறி யார் என்றால், நாமதான். பைக்கிலிருந்து காருக்கு மாற நினைக்கிற, பேங்க் லோனை நம்பி இருக்கிற, சின்ன ஊர்க்காரர்கள். ராஜபாளையத்தில் மில் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை, இரண்டு ஊருக்கும் நடுவில் டியூஷன் சென்டர் நடத்துகிற டீச்சர். ‘மழையில நனையாம, வெயில்ல காயாம பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணும்’ என்று நினைக்கிற எல்லோரும்.

2015 ஜனவரியில் ஏழு பேர் உட்காரலாம் என்று சொல்லி கோ பிளஸ் வந்தது. 2016 ஜூனில் ரெடி-கோ வந்தது, ஆரம்ப விலை 2.38 லட்சம். 2016-க்குள் இந்திய கார் சந்தையில் 10 சதவீதத்தைப் பிடிப்போம், அதில் டாட்சனின் பங்கு பெரிதாக இருக்கும் என்பதுதான் நிஸானின் கணக்கு. அந்த 10 சதவீதத்தின் பக்கத்தில்கூட அது போகவில்லை.

எங்கே தப்பு நடந்தது?

முதல் அடி 2014 நவம்பரில் விழுந்தது. கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, டாட்சன் கோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிட மோசம், காரின் கூடே நிலைகுலைந்தது. ஏர்பேக் வைத்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது என்று அந்த அமைப்பு சொன்னது. அதன் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, இந்தக் காரை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுங்கள் என்று கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதினார்.

நிஸானின் பதில்: இந்தியாவில் என்ன விதி இருக்கிறதோ அதை எங்கள் கார் பூர்த்தி செய்கிறது. சட்டப்படி அது உண்மைதான். ஏனென்றால் அன்றைக்கு இந்தியாவில் இப்படிப்பட்ட மோதல் சோதனை கட்டாயமே இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், பூஜ்யம் வாங்கியது டாட்சன் மட்டும் இல்லை. அதே சுற்றில் மாருதி ஸ்விஃப்டும் பூஜ்யம்தான். அதே வருஷம் ஜனவரியில் ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10 எல்லாமே பூஜ்யம்தான். ஆனால் மாருதிக்கு ஊர் ஊராக சர்வீஸ் சென்டரும், பல வருஷ நம்பிக்கையும் இருந்தது. புதிதாக வந்த டாட்சனுக்குக் கிடைத்தது ‘பூஜ்யம் நட்சத்திர கார்’ என்ற பட்டம் மட்டும்தான்.

இரண்டாவது தப்பு, ‘மலிவு’ என்பதையே அடையாளமாக்கியது. நானோவில் டாடா கற்ற பாடம் இது. நமக்கு விலை குறைவாக இருக்கணும். ஆனால் அது விலை குறைவான கார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது! இதற்கு ஆதாரம் ஒரகடத்திலேயே இருக்கிறது. அதே தொழிற்சாலையில், ரெடி-கோவின் அதே அடித்தளத்தில் தயாரான இன்னொரு கார் ரெனோ க்விட். பார்க்க குட்டி எஸ்யூவி மாதிரி, உள்ளே டச் ஸ்கிரீன். க்விட் ஓடியது. ரெடி-கோ ஓடவில்லை.

மூன்றாவது, திருத்தம் வந்தது தாமதமாக. 2018 அக்டோபரில்தான் புதுப்பிக்கப்பட்ட கோ, கோ பிளஸ் கார்களில் எல்லா வேரியண்டிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் கொடுத்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அதற்குள் நாலரை வருஷத்துக் கார்கள், பெரும்பாலும் ஏர்பேக் இல்லாமலேயே, ரோட்டுக்கு வந்துவிட்டன. 2019-ல் ரெடி-கோவுக்கு நடந்த சோதனையில் ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. அந்த வருஷம்தான் ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேக்கும் இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின.

இதற்கிடையே கம்பெனிக்குள்ளேயே புயல். 2018 நவம்பரில் கார்லோஸ் கோன் ஜப்பானில் கைதானார். டாட்சனைத் திரும்பக் கொண்டுவந்தவரே போன பிறகு அந்த பிராண்டுக்காகப் பேச ஆள் இல்லை. இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் 2020-ல் டாட்சன் முடிந்தது. 2022 ஏப்ரலில் ரெடி-கோ உற்பத்தி நின்றதாக அறிவிப்பு வந்தது. இரண்டாவது சாவு, நம்ம ஒரகடத்தில்.

வாங்கினவங்க நிலைமை?

டாட்சன் வாங்கிய எல்லோரும் புலம்புகிறார்கள் என்று சொன்னால் அது பொய். அந்த விலைக்கு அந்த இடவசதி வேறு எந்தக் காரிலும் கிடைக்காது என்று சந்தோஷமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஸான் இந்தியாவை விட்டுப் போகவில்லை. 2020 டிசம்பரில் வந்த மேக்னைட் இன்னமும் விற்கிறது. டாட்சனை நிறுத்தும்போது சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி தொடரும் என்று உறுதி கொடுத்திருக்கிறது. ஒரகடம் தொழிற்சாலையில் தன் வசம் இருந்த பங்கை ரெனோவுக்குக் கொடுப்பதாக 2025-ல் அறிவித்தபோதும், இந்தியாவில் விற்பனை தொடரும் என்றே சொன்னது.

ஆனால் ‘சர்வீஸ் தொடரும்’ என்ற வார்த்தைக்குச் சென்னையில் ஒரு அர்த்தம், நம்ம ஊரில் வேறு அர்த்தம். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டர் மூடினால் இன்னொன்று அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். வண்டியை விட ஒரு நாள், எடுக்க ஒரு நாள். மில்லில் இரண்டு நாள் சம்பளம் கட். சித்தப்பா சொன்னது இதுதான்: “தம்பி, பார்ட் விலை அஞ்சாயிரம்னா எனக்கு அது எட்டாயிரம்டா.”

இது ஒரு பிராண்டின் பிரச்சினை இல்லை. ஜப்பானின் மிட்சுபிஷி லேன்சர் 1998-ல் திருவள்ளூரில் தயாராக ஆரம்பித்தபோது அது எவ்வளவு பெரிய கௌரவம்! இன்று அதை வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையை மூடும் அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் ‘வாடிக்கையாளர்களைக் கைவிட மாட்டோம்’ என்ற அறிக்கை வருகிறது. அறிக்கை வந்த மறுநாளே பழைய கார் சந்தையில் விலை சரிகிறது. அந்தச் சரிவுக்கு யார் இழப்பீடு கொடுப்பது? யாரும் இல்லை. அது நம்ம கணக்கு.

இது யார் பொறுப்பு?

‘மலிவா வாங்கினா அப்படித்தான் இருக்கும்’ என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியான வாதம் இல்லை. விலை குறைவு என்பதற்காக சீட் கவர் சாதாரணமாக இருக்கலாம். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கலாம். ஆனால் மோதினால் கூடு நிலைகுலையும் என்பதும், நாலு வருஷம் கழித்து ஹெட்லைட் கிடைக்காது என்பதும் ‘தள்ளுபடி’ கணக்கில் வராது. வாங்கும்போது அதை யாரும் நம்மிடம் சொல்வதும் இல்லை. ஷோரூமில் மைலேஜ் தெரியும், இ.எம்.ஐ தெரியும், இலவச ஃப்ளோர் மேட் வரை எல்லாம் தெரியும். இந்த இரண்டு மட்டும் தெரியாது.

அதனால் இரண்டு விஷயம் கட்டாயமாக வேண்டும் என்பது நம் கருத்து.

ஒன்று, 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திர சோதனை இன்னும் கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. நல்ல மார்க் வாங்குவோம் என்று நம்புகிற மாணவன் மட்டும் பரீட்சை எழுதலாம் என்பது போல. விற்கிற ஒவ்வொரு காரும் சோதனைக்குப் போக வேண்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று கண்ணாடியில் ஒட்ட வேண்டும்.

இரண்டு, மாடலை நிறுத்தினாலும் இத்தனை வருஷத்துக்கு உதிரிபாகம் தருவோம், இத்தனை நாளுக்குள் தருவோம் என்பதை விற்பனை பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரிகை அறிக்கை வாக்குறுதி. பில்லில் எழுதினால் அது ஒப்பந்தம். பொருளை ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை பற்றி மத்திய அரசு 2022-லிருந்தே பேசுகிறது, அதற்கென ஒரு தளமும் இருக்கிறது. பேச்சு சட்டமாக மாற வேண்டிய நேரம் இது.

சரி, இப்போ நாம என்ன செய்யலாம்?

இதுபோன்ற ஒரு வண்டி உங்கள் வீட்டு வாசலிலும் நிற்கிறதா? கவனிக்க வேண்டியவை இவை:

1. எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ‘பார்ட் வரல சார்’ என்று போனில் சொன்னால் அது சாட்சி ஆகாது. ஜாப் கார்டில் தேதியோடு எழுதி வாங்குங்கள், அல்லது கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பி பதில் வாங்குங்கள்.

2. ரீகால் இருக்கிறதா பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டால் தெரியும். 2016 அக்டோபரில் எரிபொருள் ஹோஸ் கோளாறுக்காக க்விட்டோடு சேர்த்து ரெடி-கோ கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ரீகால் வேலைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

3. 1915-க்கு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் இது. தமிழிலும் பேசலாம். பல புகார்கள் வழக்கு வரை போகாமல் இங்கேயே முடிகின்றன.

4. அதிலும் முடியவில்லையா? நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் சுமார் 12 கிலோமீட்டர். கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்கு போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இருந்தால் அந்த நேரம் ஓடிவிடும்.

5. புது கார் வாங்கப் போகிறீர்களா? மூன்று கேள்வி கேளுங்கள். என்கேப் நட்சத்திரம் எத்தனை? பக்கத்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர்? இந்த மாடல் மாதம் எத்தனை விற்கிறது? கடைசிக் கேள்விக்கு சேல்ஸ்மேன் பேச்சை மாற்றினால் அதுவே பதில்.

6. நிறுத்தப்பட்ட மாடலை செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்குவது தப்பில்லை. ஆனால் முதலில் ஊர் மெக்கானிக்கைக் கேளுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் பேட் போன்றவை பெரும்பாலும் வெளிச் சந்தையில் கிடைத்துவிடும். கிடைக்காமல் கழுத்தை அறுப்பது ஹெட்லைட், பம்பர், கதவு, கண்ணாடி, சென்சார் வகைதான். 2014 முதல் 2018 வரை தயாரான கோ என்றால் பெரும்பாலும் ஏர்பேக் இருக்காது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

கடைசியா ஒரு விஷயம்

1930-களில் ஒரு எழுத்தை மாற்றி ‘நஷ்டம்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்தது டாட்சன். அந்த நஷ்டம் கம்பெனியின் கணக்கில் ஒரு வரியாக முடிந்துபோகும். முதல் கார் வாங்கிய குடும்பத்துக்கு அது ஐந்து வருஷ இ.எம்.ஐ.

போன வாரம் சித்தப்பாவிடம் நுகர்வோர் ஆணையம் பற்றிச் சொன்னேன். “கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கு எதுக்குடா தம்பி” என்றார் முதலில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருக்கு என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். வண்டி வாங்கிய பில், ஜாப் கார்டு, எல்லா ரசீதும் அதில் பத்திரமாக இருந்தது. ஹெட்லைட் உடைந்த தேதியிலிருந்து நாங்கள் எண்ண ஆரம்பித்தோம். இரண்டு வருஷம் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.